நகர மையத்தில் மர உயர்மாடிக் கட்டடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே கடை, அதற்கு மேல் அலுவலகம், அதற்கும் மேல் ஓட்டலோ வீடோ என்று பல பயன்பாடுகளை அடுக்கி, எலும்புக்கூட்டை மரத்தால் கட்டும் உயர்மாடிகள் 2010-களிலிருந்து ஐரோப்பா, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நகரங்களில் எழுந்து வருகின்றன. கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் மாணவர்களும் இவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். எல்லோரும் முதலில் கேட்பது தீயைப் பற்றி. எங்கள் கவலை அதைவிடத் தண்ணீரைப் பற்றியது. அதனால் அந்தப் பதில்தான் இருப்பதில் நீளமானது.

இதில் பயன்படுவது எந்த மரம்? தேக்கா?

இல்லை. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், பைன், டக்ளஸ் ஃபர் போன்ற ஊசியிலை மரங்கள். அவையும் முழு மரமாக வருவதில்லை; பலகையாக அறுத்து, உலர்த்தி, முடிச்சும் வெடிப்பும் உள்ள துண்டுகளை நீக்கி, மீண்டும் ஒட்டிச் செய்த பொருளாக வருகின்றன.

முக்கியமானவை இரண்டு. எல்லாப் பலகைகளின் நாரோட்டமும் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டினால் அது குளூலாம். தூணும் உத்திரமும் இதில்தான் செய்யப்படும். ஓர் அடுக்குக்கு அடுத்த அடுக்கைக் குறுக்காக வைத்து மூன்று, ஐந்து, ஏழு என்று அடுக்கி ஒட்டினால் அது சி.எல்.டி. எனப்படும் பெரும் பலகம். தளத்துக்கும் சுவருக்கும் அது. குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் ஈரம் ஏறி இறங்கினாலும் பலகத்தின் நீள அகலம் அதிகம் மாறாது.

ஸ்ப்ரூஸ் ஒரு கன மீட்டர் சுமார் 420 முதல் 470 கிலோ. கான்கிரீட் 2,400 கிலோ. 175 மி.மீ. சி.எல்.டி. தளம் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிலோ அளவில் நிற்கும், 200 மி.மீ. கான்கிரீட் தளம் 480 கிலோ. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மரக் கட்டடத்தின் நன்மைகளில் பாதியும் தொல்லைகளில் பாதியும் பிறக்கின்றன.

இதுவரை எவ்வளவு உயரம் கட்டியிருக்கிறார்கள்?

2009-ல் லண்டன் மர்ரே குரோவ் தெருவில் ஒன்பது மாடி. கீழ்த்தளம் கான்கிரீட், மேலே எட்டும் சி.எல்.டி. 2017-ல் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிராக் காமன்ஸ் மாணவர் விடுதி, 18 மாடி. 2019-ல் நார்வேயின் ப்ரூமுண்டால் ஊரில் மியோஸ்டோர்னெ, 18 மாடி, 85.4 மீட்டர், அலுவலகம், ஓட்டல், உணவகம், வீடுகள் எல்லாம் ஒரே கட்டடத்தில். 2021-ல் ஸ்வீடனின் ஷெலெஃப்டியோ நகர மையத்தில் சாரா பண்பாட்டு மையம், 20 மாடி. கீழே நாடக அரங்கு, நூலகம், கலைக்கூடம், மேலே ஓட்டல் கோபுரம். 2022-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் அசென்ட், 25 மாடி, 86.6 மீட்டர், 259 வீடுகள்.

இவற்றை ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது. மியோஸ்டோர்னெயில் காற்றைத் தாங்குவதும் மரம்தான். அசென்டில் கீழே ஆறு மாடி கான்கிரீட், லிஃப்ட் கூடும் (லிஃப்ட் ஏறி இறங்கும் செங்குத்துக் கூண்டு) கான்கிரீட். அதன் மேல் 19 மாடி மரம். அதனால் அதைக் கலப்புக் கட்டடம் என்றே வகைப்படுத்துகிறார்கள். 'உலகிலேயே உயர்ந்த மரக் கட்டடம்' என்ற தலைப்பைப் பார்த்தால், பக்கவாட்டு விசையை எது தாங்குகிறது என்று முதலில் கேளுங்கள்.

எந்தப் பயன்பாட்டை எந்த மாடியில் வைப்பது?

வடிவமைப்பில் முதலில் தீர்க்க வேண்டியது இதுதான். கான்கிரீட்டில் மாடிகளை இடம் மாற்றி அடுக்கிவிட்டு, இடையில் ஒரு தடித்த தளம் போட்டுச் சமாளிக்கலாம். மரத்தில் அந்தச் சலுகை மிகக் குறைவு.

தரைத் தளமும் முதல் ஒன்றிரண்டு மாடிகளும் கான்கிரீட்டாக இருப்பது நல்லது. தெருவெள்ளம், வண்டி வந்து மோதுவது, கரையான், கடைகளுக்கு வேண்டிய நீண்ட இடைவெளி, மின்மாற்றி அறை, குப்பை அறை, உணவகச் சமையலறை எல்லாம் அங்கேதான் வரும். இவை ஒவ்வொன்றும் மரத்துக்கு ஆகாதவை. சமையலறையின் எண்ணெய்ப்புகைக் குழாய் மரத் தளங்களைத் துளைத்துக்கொண்டு 18 மாடி மேலே போவதைவிட, கான்கிரீட் கூட்டுக்குள் தனித் தண்டாக, அதாவது குழாய்க்கென்றே விட்ட செங்குத்து வழியாக, போவதுதான் பாதுகாப்பு.

அதற்கு மேல் அலுவலகம். அதற்குப் பெரிய இடைவெளி வேண்டும், தூணும் உத்திரமும் வெளியே தெரிந்தால் அழகு, குளியலறைகளை லிஃப்ட் கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். ஓட்டலும் வீடும் அதற்கு மேல். அறைச் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதால் அவையே பாரம் தாங்கும் சுவராகவும் ஆகலாம். சாரா மையத்தின் ஓட்டல் அறைகள் தொழிற்சாலையில் முழுமையாகச் செய்த சி.எல்.டி. பெட்டிகள், இரண்டு மர லிஃப்ட் கூடுகளுக்கு இடையே அவற்றை அடுக்கினார்கள்.

நீச்சல் குளமா? மரத் தளத்தின் மேல் வைக்காதீர்கள். மியோஸ்டோர்னெயின் நீச்சல் குளம் கோபுரத்தை ஒட்டிய தனிக் கட்டடத்தில் இருக்கிறது.

தூண் இடைவெளி எவ்வளவு வைக்கலாம்?

ஐந்தடுக்கு 175 மி.மீ. சி.எல்.டி. சுமார் 4.5 முதல் 5.5 மீட்டர் வரை செல்லும். ஏழடுக்கு 245 மி.மீ. ஆறு முதல் ஏழு மீட்டர் வரை. இங்கே வரம்பு வைப்பது பலகத்தின் வலிமை அல்ல, அதிர்வு. தளத்தின் இயல் அதிர்வெண் எட்டு ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால், பக்கத்து மேசைக்காரர் நடப்பது உங்கள் நாற்காலியில் தெரியும். வலிமைக் கணக்கில் தாராளமாகத் தேறிய தளம் அதிர்வில் தோற்பது இத்துறையில் சாதாரணம். அதனால் அதிர்வை முதலில் கணக்கிட்டுவிட்டு வலிமைக்குப் போங்கள்.

கலப்புப் பயன்பாட்டுக்கு 7.5 முதல் 8 மீட்டர் தூண் கட்டம் (தூண்கள் நிற்கும் சதுர அமைப்பு) பொருந்தி வரும். அதில் அலுவலகம் அமையும். பாதியாகப் பிரித்தால் 3.75 முதல் 4 மீட்டர் அகல ஓட்டல் அறை. கீழே மூன்று கார்கள் நிற்கும். நடுவில் ஒரு துணை உத்திரம் வந்தால் பலகத்தின் தடிமனும் குறையும். மேல் மாடித் தூண் கீழ் மாடித் தூண் மேலேயே இறங்கட்டும். இடம் மாறினால் பாரம் மாற்றும் உத்திரம் வேண்டும், மரத்தில் அது ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் கேட்டு ஒரு மாடி உயரத்தையே தின்றுவிடும்.

இவ்வளவு இலேசான கட்டடம் காற்றில் ஆடாதா?

ஆடும். விழாது, ஆனால் மேல் மாடியில் இருப்பவர் உணர்வார். பெருங்காற்றுக்கு மேல் முனை எவ்வளவு நகர்கிறது என்பதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை வரும் சாதாரணப் பலத்த காற்றில் எவ்வளவு முடுக்கம் வருகிறது என்பதே கேள்வி. படுத்திருப்பவருக்கு அந்த அசைவு எளிதில் தெரியும். அதனால் வீட்டுக்கான வரம்பு அலுவலகத்துக்கானதைவிடக் கடுமை. வீடுகள் இருப்பதோ உச்சியில்!

மியோஸ்டோர்னெயில் இதற்குக் கண்ட வழி கவனிக்கத்தக்கது. இரண்டு முதல் 11 வரையான மாடிகளுக்கு மரத் தளம். வீடுகள் உள்ள 12 முதல் 18 வரை 300 மி.மீ. கான்கிரீட் தளம். உச்சியில் எடையைக் கூட்டியதால் அசைவு மெதுவானது, முடுக்கம் குறைந்தது, வீடுகளுக்கு இடையே சத்தமும் அடங்கியது. முகப்பை ஒட்டிப் பெரிய மூலைவிட்டச் சட்டங்கள் காற்றைத் தாங்குகின்றன. நான்கு மூலைத் தூண்களின் குறுக்களவு 1,485 × 625 மி.மீ. மர ஆதரவாளர்கள் சிலர் அந்தக் கான்கிரீட்டைக் குறையாகப் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது அந்தக் கட்டடத்தின் மிக நேர்மையான முடிவாகவே படுகிறது.

எடை குறைவதால் இன்னொன்றும் நிகழும்: காற்று வரும் பக்கத்துத் தூண்கள் மேலே இழுபடும். கான்கிரீட் கட்டடத்தில் சொந்த எடையே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இங்கே இழுவிசை தாங்கும் எஃகு இணைப்பும், சில இடங்களில் மண்ணில் ஆழமாக இறக்கிய, இழுவை தாங்கும் பைலும் தேவைப்படும்.

லிஃப்ட் கூட்டைக் கான்கிரீட்டில் கட்டுவதா, மரத்திலா?

இரண்டும் நடக்கிறது. கான்கிரீட் கூடு விறைப்பானது, தீயணைப்புத் துறையினர் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். சிக்கல், இரண்டு பொருள்களும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை என்பதில் இருக்கிறது.

மரம் நாரோட்டத் திசையில் ஈரத்தால் அநேகமாகச் சுருங்காது. நாருக்குக் குறுக்கே, ஈரப்பதம் ஒரு சதவீதம் இறங்கினால் 0.25% சுருங்கும். 200 மி.மீ. தடிமனுள்ள தளத்தை இரண்டு தூண்களுக்கு நடுவே நசுக்கி வைத்து, ஈரம் 12-லிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால் ஒரு மாடிக்கு 2 மி.மீ. போகும். 20 மாடிக்கு 40 மி.மீ. பாரத்தால் வரும் அமுக்கம் தனி. கூடு நிற்கும், சுற்றியுள்ள தளம் இறங்கும். லிஃப்ட் வாசலில் படி விழும், குழாய் வளையும், முகப்புக் கண்ணாடி நெரியும்.

தூணின் மேல் தூண் நேராக உட்கார வேண்டும், இடையில் எஃகு மட்டுமே இருக்க வேண்டும், தளம் பக்கவாட்டில் தாங்கப்பட வேண்டும் என்பது அதனால்தான். பாரம் தாங்கும் கணக்கும் இதையே சொல்கிறது: ஜிஎல்24எச் தரக் குளூலாமின் அழுத்த வலிமை நாரோட்டத்தில் 24 மெகாபாஸ்கல், குறுக்கே 2.5 மட்டும். பிராக் காமன்ஸில் சில மாடிகளில் தூண் இணைப்புக்கு நடுவே மெல்லிய எஃகுத் தகடுகளைச் சொருகி, வரப்போகும் சுருக்கத்தை முன்கூட்டியே ஈடுகட்டினார்கள்.

மரம் எரியாதா?

எரியும். ஆனால் தடித்த மரம் கணக்குக்கு அடங்கி எரியும். சுமார் 300 டிகிரியில் மேற்பரப்பு கரியாகும். அந்தக் கரி உள்ளே இருப்பதற்குப் போர்வையாகும். ஐரோப்பிய விதிப்படி ஊசியிலைக் குளூலாம் நிமிடத்துக்கு 0.7 மி.மீ. கரியாவதாகக் கணக்கிட்டு, சூட்டில் வலிமை இழந்த அடுக்குக்காக 7 மி.மீ. கூட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு 84 + 7 = 91 மி.மீ. 500 மி.மீ. சதுரத் தூண் நான்கு பக்கமும் எரிந்தால் 318 மி.மீ. சதுரம் மிஞ்சும், பரப்பில் 40%. அந்த மிச்சத்தால் தீநேரப் பாரத்தைத் தாங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தூணைப் பெரிதாக்க வேண்டும், அல்லது ஜிப்சம் போர்டால் மூட வேண்டும். அசென்ட் கட்டடத்தின் தூண்களை மாடிசனில் உள்ள அமெரிக்க வனத்துறை ஆய்வுக்கூடத்தில் மூன்று மணி நேரத் தீயில் சோதித்த பிறகே அனுமதி பெற்றார்கள்.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது பசை. சில பாலியூரித்தேன் பசைகள் சூட்டில் இளகும். சி.எல்.டி.யின் கரிந்த அடுக்கு அப்படியே பெயர்ந்து விழுந்தால், புது மரம் தீக்கு முகம் காட்டும், அணையப் போன தீ மீண்டும் எழும். வட அமெரிக்கத் தரநிலை 2018 பதிப்பிலிருந்து இப்படிப் பெயராத பசையைக் கட்டாயமாக்கியது. பலகம் வாங்கும்போது இந்தச் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது இணைப்பு. மரம் 91 மி.மீ. எரியும் வரை நிற்கும். வெளியே தெரியும் எஃகுத் தகடோ சில நிமிடங்களில் இளகிவிடும். தகட்டை மரத்தின் நடுவில் வெட்டிய பிளவுக்குள் சொருகி, தண்டூசிகளின் முனையையும் உள்ளே இழுத்து, துளையை மரச் செருகியால் மூட வேண்டும்.

மூன்றாவது, துளைகள். குழாயும் கம்பியும் தளத்தைத் துளைக்கும் இடத்தில் கான்கிரீட்டுக்குச் சான்று பெற்ற தீத்தடுப்புப் பசையை மரத்தில் பூசிவிட்டுப் போவதை வேலைத்தளங்களில் காணலாம். மரம் பின்வாங்கி எரியும்போது அந்தப் பசை தொங்கும். சி.எல்.டி.யில் சோதித்த முறையை மட்டுமே ஏற்க வேண்டும்.

உள்ளே மரம் தெரிய வேண்டும் என்று உரிமையாளர் கேட்கிறார். எவ்வளவு விடலாம்?

தெரியும் மரம் முழுவதும் விறகுக் கணக்கில் சேரும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். 2021-ல் பிரான்சில், 352 சதுர மீட்டர் அறையில் மேற்கூரை சி.எல்.டி.யாக வெளியே தெரிய நடத்திய தீச்சோதனையில், கூரை பற்றியதும் தீ அறை முழுவதும் வெகு வேகமாகப் பரவியது. சன்னல் வழியாக வெளியேறிய சுவாலையும் பெரிது. சுவாலை அடங்கிய பிறகும் மூலைகளில் கனல் தொடர்ந்தது.

அமெரிக்க மாதிரிக் கட்டட விதித்தொகுப்பின் 2021 பதிப்பு இதைப் படிகளாகப் பிரிக்கிறது. 18 மாடி, 82 மீட்டர் வரை போகலாம், ஆனால் மரம் முழுதும் மூடியிருக்க வேண்டும். 12 மாடி, 55 மீட்டர் வரை ஒரு பகுதி தெரியலாம். ஒன்பது மாடி, 26 மீட்டர் வரை பெரும்பாலும் தெரியலாம். 15.9 மி.மீ. தீ தாங்கும் 'எக்ஸ்' வகை ஜிப்சம் போர்டு ஒவ்வோர் அடுக்குக்கும் 40 நிமிடம் என்பது அதன் கணக்கு. எங்கள் பரிந்துரை: மேற்கூரையைத் திறந்துவிட்டால் சுவரை மூடுங்கள். எதிரெதிரான இரண்டு மரப் பரப்புகள் ஒன்றுக்கொன்று சூடேற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கிலாந்தில், லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பிறகு, 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளை 2018 டிசம்பரிலிருந்து தடை செய்துவிட்டார்கள். வெளிச்சுவரும் சி.எல்.டி.யாக உள்ள மர்ரே குரோவ் கட்டடத்தை இன்று அதே வடிவில் அங்கே கட்ட முடியாது. இப்படிப்பட்ட விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்; வேறு நாட்டு வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்க முடியாது.

ஆபத்து அதிகம் எப்போது?

கட்டிக்கொண்டிருக்கும்போது. தீயில் தானே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யத் தொடங்கியிருக்காது, ஜிப்சம் போர்டு ஏறியிருக்காது, படிக்கட்டுக் கதவு இருக்காது, வெல்டிங் மட்டும் நடந்துகொண்டிருக்கும். ஏறும் தளத்துக்கு நான்கு மாடிக்கும் கீழே உள்ள எல்லாத் தளங்களிலும் ஓரடுக்கு எரியாத மூடியாவது போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று அமெரிக்கத் தீவிதி சொல்கிறது. தீயணைப்பு நீர்க்குழாயும் மாடியோடு சேர்ந்தே ஏற வேண்டும். மரத்தின் மேல் வெல்டிங், கேஸ் கட்டிங் வேண்டாம். இணைப்புகளைப் போல்ட்டாகவும் திருகாகவும் வடிவமைத்தால் அந்த வேலையே இராது. காப்பீட்டு நிறுவனத்தை வரைபடம் முடிந்த பிறகு அழைக்காதீர்கள். அவர்கள் கேட்கும் ஒரு மாற்றம் தூண் கட்டத்தையே மாற்றிவிடலாம்.

தண்ணீர் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

தீ ஒரு கட்டடத்துக்கு வராமலே போகலாம். தண்ணீர் வந்தே தீரும்.

பலகம் தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய 12% ஈரத்தில் வருகிறது. 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம். 26 சதவீதத்துக்கு மேல் மாதக்கணக்கில் இருந்தால் மக்கல். மேல்பரப்பில் விழுந்த மழை காற்றோட்டத்தில் காய்ந்துவிடும். அது பெரிய கெடுதல் அல்ல. கெடுதல், பலகங்களின் இணைப்புக்குள் இறங்குவது, தூணின் வெட்டுமுகம் உறிஞ்சுவது, காய்வதற்கு முன் மேலே ஸ்க்ரீட் (தரையைச் சமமாக்கும் சிமென்ட் கலவை) ஊற்றி மூடுவது. வெட்டுமுகம் ஒரு கட்டுக் குழல்கள் போன்றது. பக்கப் பரப்பைவிடப் பன்மடங்கு வேகத்தில் குடிக்கும். செட்டிநாட்டு வீடுகளில் தேக்குத் தூணைக் கல் பீடத்தின் மேல் நிறுத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

கட்டும்போது செய்ய வேண்டியவை: பலகத்தின் மேல்பரப்பில் தொழிற்சாலையிலேயே ஒட்டுப்படலம் ஒட்டி வாங்குங்கள். எல்லா வெட்டுமுகங்களிலும் மெழுகோ அடைப்பானோ பூசச் சொல்லுங்கள். பலகம் இறங்கிய அன்றே இணைப்புகளின் மேல் நாடா ஒட்ட வேண்டும். மறுநாள் என்றால் மழை முந்திக்கொள்ளும். தேங்கிய நீரைத் தள்ளுவதற்கு ஆள், உறிஞ்சு யந்திரம், தற்காலிக வடிகால் ஆகியவை ஒப்பந்தத்தில் தனி வரியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அது யாருடைய வேலையும் அல்ல. மூடுவதற்கு முன் ஊசி ஈரமானியால் ஒவ்வொரு பலகத்திலும், குறிப்பாக இணைப்பருகே, அளந்து எழுதுங்கள். ஊசி மேல் அடுக்கை மட்டும் தொட்டால் போதாது. காப்பிட்ட நீள ஊசி இரண்டாம் அடுக்கு வரை இறங்க வேண்டும். 16 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்க்ரீட் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு வாரத் தாமதத்துக்குக் கோபப்படும் மேலாளர், மூன்று வருடம் கழித்துத் தளத்தை உடைக்கும் செலவைக் கட்டப்போவதில்லை.

குடிவந்த பிறகு வரும் கசிவு இன்னும் மோசம். ஓட்டல் குளியலறை ஒன்றில் இணைப்புக் குழாய் சொட்டினால், கான்கிரீட்டில் கீழ் அறைக் கூரையில் கறை தெரியும். மரத்தில் ஸ்க்ரீட்டுக்கும் பலகத்துக்கும் இடையே நீர் படர்ந்து, வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் ஊறும். அதனால் குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். நீர்த்தடுப்புப் படலம் ஸ்க்ரீட்டின் மேலே ஒன்று, மரத்தின் மேலே ஒன்று என இரண்டு. கீழ்ப்படலத்துக்கும் வடிகால் இருக்கட்டும். குழாய்கள் தளத்துக்குள் புதைந்து ஓடாமல், திறக்கக்கூடிய தண்டில் ஓடட்டும். ஒவ்வொரு தண்டின் அடியிலும் ஈர உணரி வைத்து, கசிந்தால் அந்த மாடியின் வால்வு தானே மூடும்படி செய்தால் காப்பீட்டாளரும் மகிழ்வார். வெளியே நீட்டிய பால்கனியை சி.எல்.டி. தளத்தின் தொடர்ச்சியாகச் செய்யவே கூடாது. தனி எஃகு பால்கனியை முகப்பில் தொங்கவிடுங்கள்.

மேல் மாடிச் சத்தம் கேட்குமா?

வெறும் சி.எல்.டி. என்றால் கேட்கும். 175 மி.மீ. பலகம் தனியே 40 டெசிபெல் அளவில்தான் தடுக்கும். வீடுகளுக்கு இடையே அமெரிக்க விதி கேட்பது 50. அதன்மேல் மீள்தன்மையுள்ள விரிப்பு 10 முதல் 20 மி.மீ., அதற்கும் மேல் 50 முதல் 75 மி.மீ. ஸ்க்ரீட் போட்டால் எட்டலாம். உணவகத்துக்கு மேல் ஓட்டல் அறை என்றால் 60-ஐ இலக்காக வையுங்கள். அங்கே தொங்கு கூரையும் வேண்டியிருக்கும், மரம் தெரியாது.

தளத்தைச் சரிசெய்த பிறகும் சத்தம் சுவர் வழியே சுற்றி வரும். ஒரே பலகம் இரண்டு வீடுகளுக்கும் தொடர்ந்து ஓடினால் அது தந்திக் கம்பி மாதிரி. வீட்டுச் சுவரின் நேர் மேலே பலகத்தை வெட்டிவிடுங்கள். ஸ்க்ரீட் ஓரத்தில் சுவரைத் தொடாமல் நுரைப்பட்டை வைக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் கலவை வழிந்து சுவரைத் தொட்டாலும் அடியில் போட்ட விரிப்பு வீண்.

கட்டுவது வேகமா?

மரம் ஏறும் கட்டம் வேகம்தான். பிராக் காமன்ஸின் மர எலும்புக்கூடு, பாகங்கள் வந்து சேர்ந்த பிறகு 70 நாளுக்குள் எழுந்தது. மர்ரே குரோவின் எட்டு மர மாடிகளை நான்கு தச்சர்கள் 27 வேலை நாளில் நிறுத்தினார்கள். ஆனால் அந்த நாள்களை முன்னாலேயே அடமானம் வைத்துத்தான் வாங்குகிறோம். எல்லாத் துளைகளும் தொழிற்சாலையில் எந்திரம் போடுவதால், குளிர்சாதனக் குழாய், ஸ்பிரிங்க்ளர், மின்தடம், கழிவுநீர் அத்தனையும் முப்பரிமாண மாதிரியில் முடிவாகாமல் பலகத்துக்கு ஆர்டர் கொடுக்க முடியாது. வேலைத்தளத்தில் உத்திரத்தைத் துளைக்கும் பிளம்பர் உங்கள் கணக்கை எரிக்கிறார்.

அளவுப் பிழையும் சண்டை மூட்டும். மரம் ±2 மி.மீ.க்குள் வரும், கான்கிரீட் கூடு 20 மி.மீ. சாய்ந்திருந்தாலும் ஒப்பந்தக்காரர் சரி என்பார். இரண்டும் சந்திக்கும் கோணத் தகட்டில் நீள்துளையும் தகட்டுச் செருகலும் வையுங்கள். கூடு முடிந்தவுடன் லேசர் அளவெடுத்து, அதன்பின்னரே ஓரப் பலகங்களை வெட்டச் சொல்லுங்கள்.

இது உண்மையிலேயே சூழலுக்கு நல்லதா?

ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸில் உலர் மரம் சுமார் 400 கிலோ. அதில் பாதி கார்பன். கார்பன் டை ஆக்சைடாகச் சொன்னால் 730 கிலோ. விளம்பரங்கள் இந்த எண்ணோடு நின்றுவிடும். அது சேமிப்பு மட்டுமே. கட்டடத்தை இடித்து மரத்தை எரித்தாலோ மக்கவிட்டாலோ திரும்ப வெளியேறும். எனவே இருப்பில் உள்ள கார்பனையும், வெட்டுதல், உலர்த்தல், பசை, போக்குவரத்தில் வெளியானதையும் தனித்தனி வரியில் காட்டுங்கள். கூட்டிக் கழித்து 'கார்பன் எதிர்மறைக் கட்டடம்' என்று பலகை வைப்பது ஏமாற்று.

உண்மையான லாபம் மற்ற இடங்களில் இருக்கிறது: கான்கிரீட்டும் எஃகும் குறைவது, அடித்தளம் சிறுத்துப்போவது, கட்டடம் நீண்ட காலம் நிற்பது. வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளர்கிறதா என்பதற்கு எஃப்.எஸ்.சி. அல்லது பி.இ.எஃப்.சி. சான்று குறைந்தபட்சம். திருகால் இணைத்ததைக் கழற்றலாம், பசையால் ஒட்டியதைக் கழற்ற முடியாது. அறுபது வருடம் கழித்துப் பலகத்தை முழுதாக எடுக்க முடிந்தால் சேமிப்பு சேமிப்பாகவே இருக்கும்.

சிங்கப்பூர், சென்னை போன்ற வெப்ப ஈரப்பத ஊர்களில் சரிவருமா?

சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காயா கட்டடம் 2023-ல் திறக்கப்பட்டது. ஆறு மாடி மரம். பிறகு அதன் மரப் பரப்புகளில் பூஞ்சணம் காணப்பட்டதாகச் செய்திகள் வந்தன. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. காற்றில் 80% ஈரப்பதம் இருந்தால், 27 டிகிரியில், மரம் தானாகவே 16% ஈரத்துக்கு ஏறி நிற்கும். இவ்வளவு வெப்பத்தில் பரப்பில் வரும் பூஞ்சணம் 20 சதவீதம் வரை காத்திருக்காது, அந்த எல்லையிலேயே தொடங்கும். ஏசி ஓடும் அறையில் கவலை இல்லை. திறந்த நடைபாதை, மாலை ஆறு மணிக்கு ஏசி நின்றுபோகும் அலுவலகம், குளிர்ந்த பலகத்தின் வெளிமுகம் ஆகிய இடங்களில் வியர்க்கும். அங்கே மரத்தைத் தவிர்ப்பது, அல்லது வருடாவருடம் துடைத்துப் பூசும் செலவை முதலிலேயே எழுதி வைப்பது.

கரையானும் உண்டு. ஸ்ப்ரூஸுக்கு இயற்கையான எதிர்ப்பு கிடையாது. கான்கிரீட் கீழ்த்தளம், குழாய் நுழையும் இடங்களில் எஃகு வலை, போரான் உப்பு ஊட்டிய மரம் மூன்றும் சேர்ந்தே வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கன்டெய்னரில் வருவதால் பலகத்தின் அளவும் சுமார் 2.2 × 11.8 மீட்டருக்குள் அடங்க வேண்டும். தூண் கட்டத்தை அதற்கேற்ப வரையுங்கள்.

நகர மையத்தில் காலி மனை இல்லை. பழைய கட்டடத்தின் மேல் மர மாடி ஏற்றலாமா?

மரத்துக்கு மிகப் பொருத்தமான வேலை இதுதான் என்று நினைக்கிறோம். மெல்பர்னின் சவுத்பேங்க் பொலிவார்ட் 55-ல், ஏற்கெனவே நின்ற அலுவலகக் கட்டடத்தின் மேல் பத்து மாடி சி.எல்.டி. ஓட்டல் ஏற்றினார்கள். கான்கிரீட்டாக இருந்தால் பழைய அடித்தளம் ஆறு மாடிதான் தாங்கியிருக்கும்.

தொடங்குமுன் பழைய தூண்களில் கான்கிரீட் மாதிரி துளைத்தெடுத்து வலிமை பாருங்கள், கம்பியை ஸ்கேன் செய்யுங்கள், அடித்தளத்தை ஒன்றிரண்டு இடங்களில் தோண்டிப் பாருங்கள். பழைய வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். செங்குத்துப் பாரம் தேறினாலும், உயரம் கூடியதால் காற்றின் விசை கூடும். பழைய லிஃப்ட் கூட்டைப் பலப்படுத்த வேண்டியிருக்கலாம். பழைய மொட்டைமாடி உங்கள் புதுத் தூண்களுக்கு இடம் காட்டாது. அங்கே எஃகு உத்திரக் கட்டம் ஒன்றைப் போட்டு, அதன் மேல் மரத்தை ஆரம்பியுங்கள். குழாய்கள் திசை மாறவும் அந்த இடைவெளி உதவும். கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள் என்பதால், பழைய மொட்டைமாடியின் நீர்த்தடுப்பை மேலே கூரை மூடும் வரை பெயர்க்க வேண்டாம்.